பட்டறைச் சிக்கலைப் படம் வரைந்து விளக்க முடியுமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். தமிழ், கன்னடம், இந்தி பேசுவோர் சேர்ந்து வேலை பார்ப்பதால், சரக்கு ஏன் திரும்பி வருகிறது என்று எவ்வளவு விளக்கினாலும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். பலகையில் படம் வரைந்து பேசினால் பயன் இருக்குமா? எனக்கு ஓவியம் வராது.

பதில் 1: ஓவியம் வரவே வேண்டாம் ஐயா, கட்டமும் கோடும் அம்புக்குறியும் போதும். ஒரு குறைக்கான காரணங்களை மீன்முள் போலக் கிளைகளாகக் காட்டும், ஜப்பானியப் பொறியாளர் கௌரு இஷிகாவா பரப்பிய மீன்முள் படத்தை முயன்று பாருங்கள். தலைப்பகுதியில் ‘துளை பெரிதாகிறது’ என்று குறையை எழுதி, நடுமுள்ளிலிருந்து ஆள், இயந்திரம், மூலப்பொருள், வேலைமுறை, அளவுக்கருவி எனக் கிளைகளை இழுத்து, டிரில் தேய்ந்திருக்கிறதா, கம்பி மாறிவிட்டதா என்பவற்றை அந்தந்தக் கிளையில் சேர்க்க வேண்டும். முக்கியமாக, பேனாவை இயந்திரத்தில் நிற்பவரிடமே கொடுங்கள். முதலாளி வரைந்தால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

பதில் 2: மேலே சொன்னது சரியே. ஆனால் அந்தப் படம் காரணங்களை ஊகிக்க மட்டுமே உதவும், எது உண்மை என்பதை அளந்துதான் உறுதிசெய்ய வேண்டும். வரையும்போது தேவையற்றதை விட்டுவிடும் துணிவும் வேண்டும். 1933இல் வெளியான ஹாரி பெக்கின் லண்டன் சுரங்க ரயில் வரைபடம் உண்மையான தூரங்களைக் கைவிட்டு, நிலையங்களின் வரிசையையும் இணைப்புகளையும் மட்டும் காட்டியதால்தான் பயணிகளுக்கு எளிதாகப் புரிந்தது.

பதில் 3: பலகையை அழிக்கும் முன் கைப்பேசியில் படமெடுத்து, தேதியிட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்; இரவு ஷிப்டுக்கு வருபவர்களும் பார்க்கட்டும்.