நஸ்ரீன் முகமதி கண்காட்சி கேட்லாக் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. 2016 மார்ச்சில் நியூயார்க்கில் மெட் புரோயர் அருங்காட்சியகம் திறந்தபோது, முதல் கண்காட்சிகளில் ஒன்றாக இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதியின் வாழ்நாள் படைப்புகளை வைத்தார்கள். 130க்கும் மேற்பட்டவை. அதற்கு முந்தைய ஆண்டு மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்திலும் இதே கண்காட்சி நடந்தது. இரண்டில் எதையாவது நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

1937இல் கராச்சியில் பிறந்து, 1972 முதல் 1990இல் இறக்கும்வரை பரோடாவில் ஓவியம் கற்பித்தவர். தாளில் பென்சிலாலும் மையாலும் கோடுகள், பெரும்பாலும் அவ்வளவுதான். படங்களுக்குப் பெரும்பாலும் தலைப்பும் வைக்கவில்லை, தேதியும் போடவில்லை. எதற்குப் பின் எது வரைந்தார் என்று அடுக்கிப் பார்க்கத்தான் எனக்கு கேட்லாக் வேண்டும். இணையப் படங்களில் அந்த மெல்லிய கோடுகள் பாதி காணாமல் போய்விடுகின்றன. (போனில் பெரிதாக்கினால் இன்னும் மோசம்!)

கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். சென்னையில் எந்த நூலகத்தில் அந்த கேட்லாக் கிடைக்கும்? சொந்தப் பிரதி வைத்திருப்பவர் ஒரு வாரம் இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவேன். நேரில் பார்த்தவர்களிடம் ஒரே கேள்வி: அவர் எடுத்த புகைப்படங்களை ஓவியங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்களா, தனி அறையிலா? கீழே எழுதுங்கள், இல்லை உள்பெட்டிக்கு வாருங்கள்.