சார்டினியா: கடற்கரையைத் தவிர என்ன இருக்கிறது?

ஊர்சுற்றி77:
செப்டம்பரில் நானும் மனைவியும் இத்தாலி போகிறோம், அதில் ஐந்து நாள் சார்டினியாவுக்கு. நெட்டில் எங்கே தேடினாலும் கோஸ்டா ஸ்மெரால்டா, பச்சைத் தண்ணீர், படகு, இவ்வளவுதான் வருகிறது. எனக்கு வரலாறு பிடிக்கும். மனைவி சைவம். கார் எடுப்பது அவசியமா?

பழையகல்:
கோஸ்டா ஸ்மெரால்டாவை வைத்து அந்தத் தீவை எடைபோடாதீர்கள். 1962-இல் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கானும் கூட்டாளிகளும் சேர்ந்து நிலம் வாங்கிக் கட்ட ஆரம்பித்த இடம் அது, அதற்கு முன் அங்கே ஆடுதான் மேய்ந்தது. தீவுக்காரர்கள் என்றாலும் பழைய சார்டினியர்களில் பெரும்பாலோர் கடல் பக்கம் தலைவைக்காமல் உள்ளே மலையில் ஆடு மேய்த்து வாழ்ந்தவர்கள், ஏனென்றால் கடலோரச் சதுப்பில் மலேரியா, கடலிலோ பினீசியர், கார்த்தேஜ்காரர், ரோமர், அரகோன்காரர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். 1946 முதல் 1950 வரை ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியோடு தீவு முழுக்க டிடிடி பூச்சிமருந்து அடித்தார்கள். கொசு முழுசாக ஒழியவில்லை, மலேரியா ஒழிந்துவிட்டது. அப்புறம்தான் கடற்கரைக்கு விலை வந்தது.

அதனால் உள்ளே போங்கள். முதலில் பாருமினி, தீவின் தலைநகர் காலியாரியிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். அங்கே இருக்கும் சு நுராக்ஸி, வெண்கலக் காலத்தில் சாந்து இல்லாமல் கருங்கற்களை அடுக்கியே எழுப்பிய கோபுரம், சுற்றிலும் வட்ட வட்டமாக வீடுகளின் அடித்தளம். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்த மாதிரி நுராகே கோபுரங்கள் தீவில் சுமார் 7,000 இருக்கின்றன. கட்டியவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை, அதனால் கோட்டையா, தலைவன் வீடா, கோயிலா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். உள்ளே படிகள் ரொம்பக் குறுகல், முட்டி வலி இருந்தால் யோசிக்கவும்.

மலைப்பாதை:
கார் எடுங்கள், பஸ்ஸை நம்பினால் ஐந்து நாளும் பஸ் நிலையத்திலேயே போய்விடும். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம்.

ஒர்கோசோலோவை விடாதீர்கள். மலைக்கிராமம், சுவரெல்லாம் அரசியல் ஓவியம். 1969-இல் பிரதோபெல்லோ என்ற மேய்ச்சல் நிலத்தை ராணுவம் துப்பாக்கிப் பயிற்சிக்கு எடுக்க வந்தபோது ஊரே போய் உட்கார்ந்து மறித்த கதையும் அங்கே இருக்கிறது. போட்டோ எடுக்கும்போது வீட்டு ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

சைவத்துக்கு குலுர்ஜோனெஸ் கேளுங்கள்: உருளைக்கிழங்கு, புதினா, சீஸ் வைத்து சோமாஸ் மாதிரி ஓரத்தைப் பின்னி மூடி வேகவைப்பது. ஆனால் அதில் சேரும் பெகோரினோ சீஸுக்குப் பாலைத் திரிப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட். கறாரான சைவமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

உப்புக்காற்று:
கடலை இவ்வளவு மட்டம் தட்ட வேண்டாம் ஐயா! செப்டம்பரில் போகிறவர் சான் பியேத்ரோ தீவுக்கு ஃபெர்ரி பிடிக்கலாம். அங்கே பாறை விளிம்புகளில் எலியனோரா வல்லூறு கூடு கட்டும். மற்றப் பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரித்தால் இது கோடைக் கடைசியில் பொரிக்கிறது, ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் சின்னப் பறவைகளைப் பிடித்துக் குஞ்சுக்கு ஊட்ட அதுதான் தோதான காலம். பெயர், சார்டினியாவில் அந்தக் காலத்தில் இருந்த ஆர்போரேயா அரசை ஆண்ட எலியனோரா என்ற பெண்ணுடையது. 1392 வாக்கில் அவர் வெளியிட்ட கார்தா தெ லோகு சட்டத்தொகுப்பில் வல்லூறுகளுக்கும் பாதுகாப்பு இருந்தது, அந்தச் சட்டம் 1827 வரை நடைமுறையில் இருந்தது.

கடற்கரை மணலை ஞாபகத்துக்கென்று பாட்டிலில் அள்ளாதீர்கள். அபராதம் 500 முதல் 3,000 யூரோ வரை.

ஊர்சுற்றி77:
நன்றி. அப்படியானால் காலியாரியில் இறங்கி பாருமினி, ஒர்கோசோலோ, கடைசியில் சான் பியேத்ரோ. கோஸ்டா ஸ்மெரால்டாவை வெட்டிவிட்டேன், மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.