மவுசாக்கலைத் தண்ணியோரமா நடக்கலாமோ?

யாழ்ப்பாணத்தான்: மார்ச்சில அம்மாவோட அட்டன் வாறன். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுத்தி நடக்கப் பாதை இருக்கோ?

மஸ்கெலியாக்காரன்: முழுசா சுத்துற பாதைன்னு ஒன்னும் இல்லீங்க. தோட்டத்து ரோட்டுலயே நடங்க. தேயிலைக்குள்ள குறுக்கால இறங்காதீங்க, மழை பேஞ்சா அட்டை சப்பாத்துக்குள்ளயே ஏறிரும். காலுறையில சவர்க்காரம் தேச்சுக்கங்க. தண்ணி நல்லா வத்தியிருந்தா, அணை கட்டுனப்ப மூழ்குன பழைய மஸ்கெலியா டவுன் கோயில் வெளிய தெரியும். எங்க தாத்தா பிரட்டுக்கு, அதாவது காலையில தோட்டத்து வேலைக்குப் பேர் குடுக்க, போன காலத்து டவுன். கிட்டப் போயிறாதீங்க, சேறு மேல காஞ்சிருக்கும், கால வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போகும்.

தலவாக்கலை தங்கச்சி: மார்ச்சுல சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போற சீசன் வேற. போயா (பௌர்ணமி லீவு), சனி, ஞாயிறுல வராதீங்க, பஸ்ல நிக்கவும் இடமிருக்காது.

யாழ்ப்பாணத்தான்: அம்மாவுக்கு முழங்கால் நோ. ஏத்தம் கனக்கவோ?

மஸ்கெலியாக்காரன்: அப்ப நல்லதண்ணி ரோட்டுல ஆட்டோ புடிங்க. தண்ணி தெரியிற எடத்துல எறங்கிப் பாக்கலாம்.