சேஃப்டி ரெஜிஸ்டர்ல கையெழுத்து மட்டும்தானா? உங்க லேப் அனுபவம் சொல்லுங்க

வேதியியல், பிஎச்.டி.:
எங்க டிபார்ட்மென்ட்ல ஆடிட்டுக்கு முந்தின நாள் வருஷத்துக்கான கையெழுத்தை மொத்தமா ஒரே பேனாவுல வாங்கிடுவாங்க. போன வருஷம் ப்ராஜெக்ட்டுக்கு வந்த எம்.எஸ்சி. பையன், கண்ணாடிச் சாமான் கழுவின நைட்ரிக் ஆசிட்டை அசிட்டோன் வேஸ்ட் பாட்டில்ல ஊத்தி மூடியை இறுக்கித் திருகிட்டான். பாட்டில்ல லேபிளே இல்ல, அவனைச் சொல்லிக் குத்தமில்ல. கொஞ்ச நேரத்துல உள்ள பழுப்புப் புகை, பாட்டில் வயிறு உப்புது. சீனியர் அக்கா ஒருத்தங்க ஃபியூம் ஹூட் (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேத்துற பெட்டி) கண்ணாடியைச் சரக்குனு இறக்கிட்டு "வெளிய ஓடுங்கடா"ன்னு கத்தினாங்க. வராண்டாவுக்கு வர்றதுக்குள்ள டமார்! யாருக்கும் அடி இல்ல. அப்புறம் ரெஜிஸ்டரைப் புரட்டினா, "கழிவு மேலாண்மைப் பயிற்சி பெற்றேன்"னு அவன் கையெழுத்து இருக்கு. பயிற்சித் தேதி அவன் சேர்றதுக்கு முன்னாடி!

போஸ்ட்டாக்:
கையுறையையும் சேர்த்துக்கோங்க. அமெரிக்காவுல டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியை கேரன் வெட்டர்ஹான், நச்சு உலோகங்கள்ல பெரிய நிபுணர். 1996 ஆகஸ்ட்ல ஹூட்டுக்குள்ள, லேடெக்ஸ் (ரப்பர்) கையுறை போட்டுத்தான் டைமெத்தில் மெர்க்குரிங்கற கொடிய பாதரசச் சேர்மத்தை எடுத்தாங்க. கையுறை மேல சில சொட்டு விழுந்துச்சு. மாசக்கணக்கா ஒண்ணும் தெரியல. அப்புறம் நடை தள்ளாடி, பேச்சு குழறி, 1997 ஜூன்ல இறந்துட்டாங்க. பிறகு சோதிச்சப்பதான் அது லேடெக்ஸை 15 நொடிக்குள்ள ஊடுருவுதுன்னு தெரிஞ்சது. அவங்க விதியை மீறல, விதிதான் போதல. எங்க ஸ்டோர்ல இன்னும் "எந்தக் கையுறையா இருந்தா என்ன சார்"னு மெடிக்கல் ஷாப் பாக்கெட்டைத்தான் நீட்டறாங்க. டைகுளோரோமீத்தேன்ங்கற கரைப்பானை எடுக்கறவங்க மெல்லிசு நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறையையும் நம்பாதீங்க. பட்டா உடனே கழட்டிடுங்க.

பப்ளிக் ஹெல்த்:
நான் லேப் ஆள் இல்ல, ஆனா கையெழுத்துன்னதும் இது ஞாபகம் வந்துச்சு. கிராமத்துல ரத்தசோகை ஆய்வு. ஒரு பாட்டி விரல்ல மை தடவிக்கிட்டே, "இதுல கைநாட்டு வெச்சா பென்ஷன் எப்பப்பா வரும்?"ன்னாங்க. கூட வந்தவர் "வைங்க பாட்டி, பார்த்துக்கலாம்"னார். நான் தாளை வாங்கிட்டேன். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி, படிக்கத் தெரியாதவங்ககிட்ட ஒப்புதல் வாங்கறப்ப, நம்ம டீமைச் சேராத, படிக்கத் தெரிஞ்ச சாட்சி ஒருத்தர் கூட இருக்கணும். எதிர்வீட்டு காலேஜ் பொண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். "பணப்பலன் எதுவும் கிடையாது, விருப்பமில்லைன்னா மறுக்கலாம்"ங்கற வரி வந்ததும் பாட்டி முந்தானையில மையைத் துடைச்சுக்கிட்டு, "அப்ப ரத்தமெல்லாம் வேணாம்பா"ன்னாங்க. அவங்களைப் பார்த்து தெருவுல இன்னும் சிலரும் எழுந்து போயிட்டாங்க. சாம்பிள் குறைஞ்சதுக்கு கைடுகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.