இடுப்பளவு தண்ணீரில் பாதி எடை: காலை ஊன்றப் பழகிய அனுபவம்

கொக்கிரகுளத்திலிருந்து:

மூட்டு வலி, எலும்பு முறிவு என்று இங்கே எழுதுகிற பலரும் "தண்ணியில நடந்தா நல்லதாமே, நெசமா?" என்று கேட்கிறீர்கள். நான் நடந்து பார்த்தவன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

போன மாசியில் பைக்கிலிருந்து விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து பிளேட் வைத்தார்கள். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் வைக்கவே கூடாது. ஏழாவது வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் "இனிமே பாதி எடை ஊன்றலாம்" என்றார். பாதி எடை என்றால் எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? பிசியோ அக்கா எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, உடைந்த காலை மட்டும் அதன்மேல் வைத்து அழுத்தச் சொன்னார். நான் 72 கிலோ, முள் 36-இல் நிற்க வேண்டும். பயத்தில் முதல் நாள் 12-ஐத் தாண்டவில்லை. மறுநாள் ஒரு வேகத்தில் 50-க்குப் போய்விட்டது, எனக்கு வியர்த்தேவிட்டது. சரி, மெஷின் மேல் நிற்கும்போதாவது முள்ளைப் பார்க்கலாம், வாக்கரோடு நடக்கும்போது எதைப் பார்ப்பது?

தையல் போட்ட இடம் நன்றாக ஆறியிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு, அக்கா என்னை நீச்சல் குளத்துக்கு வரச் சொன்னார். சித்திரை வெயிலில் தண்ணீர் இளஞ்சூடாகவே இருந்தது. கம்பியைப் பிடித்து இறங்கி, இடுப்பு எலும்பு மூழ்கும் ஆழத்தில் நின்றதும் அவர் சொன்னது இதுதான்: "இப்போ உங்க கால்ல இருக்கிறது பாதி எடைதான் தம்பி, பயப்படாம முழுசா ஊன்றுங்க."

உடம்பு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அந்த அளவு எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டதுதான். இடுப்பு வரை நின்றால் காலில் இறங்குவது ஏறத்தாழ பாதி எடை, நெஞ்சுக்குழி வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு, கழுத்து வரை என்றால் பத்தில் ஒரு பங்குதான். எனக்குக் கணக்கு போட்டால் 36, 24, 7 கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் தினமும் ஒரே ஆழத்தில் நின்றால் தினமும் ஒரே எடை. தண்ணீருக்குள் இறங்கினாலே எல்லாக் கோளாறும் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மாத்திரையில் 250, 500 என்று இருக்கிற மாதிரி தண்ணீரில் ஆழம்தான் அளவு. அதை ஒருவர் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு இரண்டு மாதம் கழித்து முதல் தடவையாக வலது குதிகால் தரையில் பட்டு, பாதம் உருண்டு, பெருவிரல் தள்ளி நடந்தேன். பத்து அடிதான். அதற்குள் கண் கலங்கிவிட்டது.

முதலில் இடுப்பளவு, எக்ஸ்ரே பார்த்த பிறகு தொடையளவு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் வந்தோம். எலும்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மேலே ஏறுவது.

ஒரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். குளம் மூடியிருந்த ஒரு வாரம், நம்ம தாமிரபரணி ஆறுதானே என்று குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போனேன். தெரிந்த படி, இடுப்பளவுதான் வரும். இரண்டு நாள் நன்றாக நடந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் அதே படியில் தண்ணீர் நெஞ்சுக்கு நிற்கிறது, கார் நெல் சாகுபடிக்கு பாபநாசம் அணையில் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஒரு படி மேலே ஏறலாம் என்று நகர்ந்தபோது பாசியில் கால் வழுக்கி, நல்ல கால் மடங்கி, உடைந்த கால் மேலேயே மொத்த உடம்பும் சாய்ந்தது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நான்கு நாள் வீக்கம். தாமிரபரணியைக் குறை சொல்லவே மாட்டேன், அதில்தான் நீச்சலே பழகினேன். ஆனால் அளவு மாறாத தரை வேண்டியவனுக்கு ஆறு சரிப்படாது. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியவும் தெரியாது.

—

பாளையில் பிசியோவாக வேலை பார்ப்பவர்:

அண்ணாச்சி, ஆழம் பற்றிச் சரியாகச் சொன்னீர்கள். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

வீக்கம் இருக்கிறவர்களுக்குத் தண்ணீரின் அழுத்தமே ஒரு கட்டு போட்ட மாதிரி. 4 அடி ஆழத்தில் நின்றால் பாதத்தில் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரும், மேலே வரவரக் குறையும், அதனால் காலில் தேங்கியிருக்கிற நீர் மேல்பக்கம் தள்ளப்படுகிறது. கணுக்கால் வீங்கியவர்கள் அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து செருப்பு மாட்டினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் அதே அழுத்தம் ரத்தத்தை நெஞ்சுக்கும் அனுப்புகிறது. இதயம் பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் கழுத்தளவு தண்ணீரில் இறங்கவே கூடாது. ஆறாத புண், காய்ச்சல், கட்டுப்படாத வலிப்பு இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, வேகம். தண்ணீரில் கையை இரண்டு மடங்கு வேகமாக வீசினால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். மெதுவாக அசைத்தால் பஞ்சு மாதிரி, வேகமாக அசைத்தால் டம்பெல் மாதிரி. வலிக்கிறதா, அந்த நொடியே நிறுத்தினால் எதிர்ப்பும் நின்றுவிடும். ஜிம்மில் தூக்கிய இரும்பு அப்படி நிற்காது. தோள்பட்டை இறுகிப்போன சர்க்கரை நோயாளிகளுக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

—

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா:

என் மகனுக்கு ஏழு வயசு, பிறக்கும்போதே மூளைவாதம். கால் இரண்டும் கத்தரி மாதிரி பின்னிக்கொள்ளும். வெளியூரில் ஒரு தெரப்பி குளத்துக்கு ஆறு மாசம் அழைத்துப் போனோம். தண்ணீரை 34 டிகிரியில் வைத்திருப்பார்கள். உடம்புச் சூட்டைக் காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் கடத்தும், அதனால் குளிர்ந்த தண்ணீர் என்றால் இறுக்கம் இன்னும் கூடும் என்று சொன்னார்கள். அது எனக்கு முன்னாலேயே தெரியும், தைமாசம் வாய்க்கால் தண்ணீரில் குளிப்பாட்டினால் அவன் கம்பு மாதிரி விறைத்துப்போவான்.

அங்கே மிதவையே கட்டவில்லை. ஹாலிவிக் முறையாம், 1949-இல் லண்டனில் மக்மில்லன் என்கிற பொறியாளர் ஊனமுற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். முதல் பத்து நாள் தண்ணீரில் பிளாஸ்டிக் பந்தை ஊதித் தள்ளுவதுதான் பாடம். முகம் தண்ணீர் பக்கம் போனால் ஊத வேண்டும் என்று பழகிவிட்டால் குடித்துவிட மாட்டான்.

ஒரு நாள் என்னையே இறங்கச் சொன்னார்கள். அவன் மல்லாக்க மிதக்கிறான், நான் அவன் தலைமாட்டில் நின்று, அவனைத் தொடாமல், தோளுக்குக் கீழே தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே பின்னால் நடக்க வேண்டும். நடந்தேன். என் கை கிளப்பிய சுழலிலேயே அவன் என் பின்னால் வந்தான். யாரும் பிடிக்கவில்லை, கால் பின்னவும் இல்லை. "அம்மா, நீ தொடல" என்றான். ஏழு வருஷமாக நான் தூக்கித்தான் அவன் எங்கேயும் போயிருக்கிறான்.

—

சேரன்மகாதேவியிலிருந்து:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆகிறது. சாரல் ஆரம்பித்துவிட்டது, குற்றாலத்தில் கொண்டுபோய் அருவிக்கு அடியில் நிறுத்தினால் நரம்பு முறுக்கு விடும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அழைத்துப் போகலாமா?

—

கொக்கிரகுளத்திலிருந்து:

வேண்டாம் தம்பி. அருவி தாங்காது, அடிக்கும். சில்லென்ற தண்ணீர், வழுக்குப் பாறை, கூட்டம் வேறு. ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்தவருக்குக் கால் எங்கே படுகிறது என்பதே தெரியாது. நல்ல உடம்போடு இருக்கிறவர்கள் தோளைக் காட்டிக்கொண்டு நிற்பது வேறு.

அவருடைய டாக்டரிடம் பிரஷரையும் இதயத்தையும் பார்த்துத் தண்ணீரில் இறங்கலாமா என்று எழுதி வாங்குங்கள். சரி என்றால் பிசியோ அக்காவிடம் நான் பேசுகிறேன். சனிக்கிழமை வெயில் ஏறிய பிறகு பத்து மணிவாக்கில் அழைத்து வாருங்கள், இறங்கும்போது அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் நான் நிற்கிறேன். பிடிமானமுள்ள ரப்பர் செருப்பும் காய்ந்த வேட்டி ஒன்றும் கொண்டுவந்துவிடுங்கள்.