அப்பாவுக்கு 63 வயசு, மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்கு விடலாமா?

கல்லடிப்பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட அப்பா ரிட்டயர் ஆன வாத்தியார். சீனி வருத்தம் இருக்கு, குளிசை போடுறார். முந்தி பின்னேரத்தில கல்லடி பீச்சில நடக்கிறதோட சரி, இப்ப கொஞ்ச நாளா விடிய வெள்ளன மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் போய் கூட்டாளிமாரோட குண்டு போடுதல் (shot put) பழகுறார், மூத்தோர் போட்டிக்கு பேர் குடுக்கப்போறாராம். அம்மா ஒரே ஏச்சு, பேரப்பிள்ளைய பாக்கிற வயசில என்ன போட்டி எண்டு. எனக்கும் பயம்தான், ஆனா ரிட்டயர் ஆனதுக்குப் பிறகு இப்பதான் மனுசன் சந்தோசமா திரியிறார். நடக்கிறது மட்டும் காணாதா?

திருக்கோவில் ஓட்டக்காரி:
தங்கச்சி, அப்பாவ மறிக்காதீங்க. நானும் மூத்தோர் போட்டியில ஓடுறவதான். 35 வயசில இருந்து அஞ்சஞ்சு வயசா பிரிச்சுத்தான் வைப்பாங்க, இளந்தாரிகளோட விடமாட்டாங்க. குண்டும் பாரம் குறைவு, வழமையா ஆம்பிளைகளுக்கு 7.26 கிலோ, 60 வயசுக்கு 5 கிலோ, 70க்கு 4, 80 தாண்டினா 3. நடை நல்லம்தான், ஆனா மழை பெஞ்சா, வீட்டுக்கு ஆள் வந்தா விட்டுருவம், போட்டிக்கு ஒரு திகதி இருக்கிறதால உடம்பு சோம்பல்பட்டாலும் மனசு எழுப்பிவிடும். முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மா 2023ல 72 வயசில பிலிப்பைன்ஸ் போய் 1500 மீட்டர் ஓட்டத்திலயும் 5000 மீட்டர் வேகநடையிலயும் தங்கம் எடுத்தவ. அதப் பாத்துத்தான் எங்கட பக்கத்திலயும் கனபேர் இறங்கினது.

கல்முனை பிசியோ:
நடை இதயத்துக்கு நல்லம், ஆனா வயசு போகப்போக கூடுதலா கரையிறது சட்டெண்டு வேலை செய்யிற தசைநார்தான். கால் தடக்கினா மற்றக் கால டக்கெண்டு முன்னுக்கு வச்சு விழாம நிக்கிறது அதாலதான், மெதுவா நடந்தா அதுக்கு வேலையே இரிக்காது. குண்டு போடக்குள்ள முழங்கால மடிச்சு, இடுப்பத் திருப்பி, வேகமா தள்ளணும், அதுக்குத்தான் இந்தப் பயிற்சி பெறுமதி. 65 தாண்டினாக்கள் கிழமைக்கு 150 நிமிசம் உடற்பயிற்சியோட ரெண்டு நாள் தசைப் பயிற்சியும் மூணு நாள் சமநிலைப் பயிற்சியும் செய்யணும் எண்டு உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது.

ஆனா என்ன குளிசை எண்டு பாருங்க. மெட்போமின் மட்டும் எண்டா சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிறது குறைவு. கிளிக்கிளசைட், இன்சுலின் எண்டா வெறும் வயித்தோட போகவே கூடாது, பொக்கட்டில குளுக்கோஸ் கட்டாயம். கிளினிக்கில சொல்லி ஈசிஜி ஒண்டு எடுங்க. மூச்சப் பிடிச்சு முக்கினா பிரசர் ஏறும், தள்ளக்குள்ள மூச்ச விடச் சொல்லுங்க. பீச்சில வெறுங்காலோட நடக்கவும் விடாதீங்க, சீனிக்காரருக்கு கால்ல குத்தினது தெரியாமலே புண்ணாகிரும்.

கல்லடிப்பிள்ளை:
கிளிக்கிளசைட்தான் போடுறார், போறது வெறும் தேத்தண்ணியோட! நல்ல காலம் கேட்டது. இந்தக் கிழமையே கிளினிக்குக் கூட்டிட்டுப் போறன். அம்மாக்கு 58, அவவுக்கும் ஏதாவது இருக்கா?

திருக்கோவில் ஓட்டக்காரி:
ஏன் இல்ல? பொம்பிளைகளுக்கு 50ல இருந்து 74 வரைக்கும் குண்டு 3 கிலோதான். குண்டு வேணாமெண்டா வேகநடைக்கு வரச்சொல்லுங்க.