எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) சென்சாரைச் சரிபார்க்க நம்பகமான திரவ மாதிரி எப்படித் தயாரிப்பது?

தக்கலைத் தம்பி:
மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறேன். எல்என்ஜிக்குள்ளேயே முக்கி வைக்கும் ராமன் புரோப் (ஒளிச்சிதறலை வைத்துக் கலவையை அளக்கும் கருவி) ஒன்றை அளவுத்திருத்தம் செய்யணும். ஒவ்வொரு வாயுவையும் எடைபோட்டுக் கலந்து, அளவுக்குச் சான்றிதழ் தந்த வாயு சிலிண்டர் கைவசம் இருக்கிறது (மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், கொஞ்சம் நைட்ரஜன்). அதைச் சின்ன செல்லில் திரவ நைட்ரஜனால் குளிர்வித்துத் திரவமாக்கினால், சான்றிதழில் உள்ள அளவே திரவத்துக்கும் பொருந்துமா? கொச்சி புதுவைப்பு எல்என்ஜி முனையத்திலிருந்து வரும் டேங்கர் லாரியில் கொஞ்சம் பிடித்தால் போதாதா என்கிறார் எங்கள் அண்ணன் ஒருவர்.

குளச்சல் கருவிக்காரன்:
லாரி வேண்டாம் தம்பி. வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே வரும், நைட்ரஜனும் மீத்தேனும் முதலில் போகும், பதநீர் காய்ச்சினால் கருப்பட்டி மிஞ்சுகிற மாதிரி ஈத்தேனும் புரொப்பேனும் அடியில் சேரும்.

செல்லிலும் அதே சிக்கல்தான். பாதி திரவம், மேலே வாயு என்று நின்றாலே நைட்ரஜனில் ஒரு பங்கு மேலே போய்விடும், நீ அளப்பது சிலிண்டரில் இருந்த கலவை இல்லை. அப்புறம் திரவ நைட்ரஜன் -196 டிகிரி, மீத்தேன் -182-லேயே உறையும். நடுவில் ஹீட்டர் வைத்து -160 பக்கம் நிறுத்து.

(திரவ நைட்ரஜன் அவசரமாக வேண்டுமென்றால் கால்நடை மருத்துவமனையில் சினை ஊசிக்கு எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டுப் பார்.)

ஆரல் அக்கா:
இரண்டு நிலையாகப் பிரியவே விடாதே, அதுதான் வழி. அறை வெப்பத்திலேயே அழுத்தத்தைக் கலவை பிரியும் எல்லைக்கு மேலே ஏற்று. மீத்தேனின் மாறுநிலை அழுத்தமே (அதற்கு மேலே திரவம், வாயு என்று பிரியாது) 46 பார், மற்றவை சேரும்போது எல்லை இன்னும் மேலே போகும். அழுத்தம் இறங்காமல் அதே சிலிண்டரிலிருந்து வாயுவை விட்டுக்கொண்டே குளிர்வித்தால் குமிழே வராமல் நேராகத் திரவமாகும். 100 மில்லி திரவத்துக்குச் சுமார் 60 லிட்டர் வாயு வேணும், சிலிண்டர் தாங்குமா என்று முதலில் பார். குளிர்ந்த பிறகு அழுத்தத்தைக் குறைக்கலாம், ஆனால் குமிழி அழுத்தத்துக்கு (திரவத்தில் முதல் குமிழ் வரும் அழுத்தம்) கீழே போகக் கூடாது.

தக்கலைத் தம்பி:
சரி அக்கா. திரவம் சரியாகத்தான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

ஆரல் அக்கா:
மெல்லிய குழாயில் கொஞ்சம் இழுத்து, சூடான வேப்பரைசரில் மொத்தத்தையும் ஒரே நொடியில் ஆவியாக்கி, குரோமட்டோகிராப்பில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) சிலிண்டரோடு ஒப்பிடு. குழாயிலேயே பாதி கொதித்தால் முதலில் மீத்தேன், பிறகு ஈத்தேன் என்று அளவு ஊசலாடும். எல்என்ஜி மாதிரி எடுப்பதற்கான ஐஎஸ்ஓ 8943 தரநிலையையும் படித்துவிடு. இரண்டு வால்வுக்கு நடுவே திரவம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒவ்வொன்றிலும் ரிலீஃப் வால்வு (அழுத்தம் ஏறினால் தானே திறப்பது) போட்டிருக்கிறாயா?